சம்பந்தி வீட்டு டிஸ்க்

ஜூன் 14

டப்ளினிலிருந்து மகள் நித்திலா வீடியோ காலில் வந்தாள். வழக்கமாகப் பேத்தி ஆதிரையின் முகம்தான் முதலில் வரும். இன்று மகளின் ஆள்காட்டி விரல் வந்தது.

"அப்பா, ஆதிரை தோசை சாப்பிடற வீடியோ மாமாவுக்கு வந்துச்சு, உங்களுக்கு வரலைன்னு ரெண்டு நாளா போனே எடுக்கலையாமே?"

போனில் சார்ஜ் இல்லை என்றேன். "ரெண்டு நாளாவா?" என்றாள். மின்வாரியத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன், வீட்டில் கரண்டுக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியுமா?

அவள் மாமா என்பது என் சம்பந்தி நாச்சிமுத்துவை, அவளுடைய மாமனார். இதே ஈரோட்டில் எங்களுக்கு மூன்று தெரு தள்ளி இருக்கிறார். மஞ்சள் மண்டி வைத்திருக்கிறார். நல்ல மனிதர். ஊரே அவரை நல்லவர் என்கிறது என்பதைத் தவிர அவர்மேல் எனக்கு வேறு குறை கிடையாது.

மகள் உத்தரவு போட்டாள். மாப்பிள்ளை கோகுலின் லேப்டாப் போன மாதம் ரயிலில் திருடு போய்விட்டது. அவளுடைய போன் நிரம்பி வழிகிறது. பிள்ளையின் முகத்தை எவனோ வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் ஏற்றிவைக்க மாப்பிள்ளைக்கு இஷ்டமில்லை. ஆகவே நம் வீட்டு இன்டர்நெட்டோடு இணைத்து ஒரு மூலையில் வைத்துவிடுகிற சேமிப்புப் பெட்டி ஒன்றை அவர் அனுப்புவார். அதில் இரண்டு ஹார்டு டிஸ்க் போடலாம். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும். ஒன்று செத்தால் மற்றது தாங்கும். இரண்டு வீட்டாரும் டிவியில், போனில் பார்த்துக்கொள்ளலாம்.

"பெட்டி எங்க செலவு. டிஸ்க் மட்டும் நீங்க ஒண்ணு, மாமா ஒண்ணு. ஏத்தி முடிச்சதும் என் போன்ல அழிச்சிருவேன். ஆதிரையோட ரெண்டு வருஷமும் அந்தப் பெட்டியிலதான் இருக்கும். வேற எங்கயும் இருக்காது. புரியுதாப்பா?"

"புரியுது அம்மிணி."

"ரெண்டு பேரும் முட்டிக்கிட்டீங்கன்னு காதுல விழுந்துச்சு, தீபாவளி டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிருவேன்."

நானும் சம்பந்தியும் இதுவரை ஒரு வார்த்தை உரக்கப் பேசியதில்லை. இந்தப் பெண்ணுக்கு யார் என்ன சொல்லிவைக்கிறார்கள் என்று தெரியவில்லை.

ஜூன் 19

ஐந்து நாளாக டிஸ்க் ஆராய்ச்சி. உலகத்தில் இவ்வளவு பேர் இதற்காக அடித்துக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. இரண்டு பெரிய கம்பெனிகள். முதலாவதை வாங்கியவர்கள் இரண்டாவதைத் திட்டுகிறார்கள், இரண்டாவதை வாங்கியவர்கள் முதலாவதை. எல்லோருக்குமே ஏதோ ஒரு டிஸ்க் செத்து, ஏதோ ஒரு கல்யாண ஆல்பம் போயிருக்கிறது. எந்தக் கம்பெனி டிஸ்க் செத்ததோ அந்தக் கம்பெனி பரம்பரை எதிரி.

சாதாரண கம்ப்யூட்டர் டிஸ்க்கை இதில் போடக் கூடாது, இரவு பகல் ஓய்வில்லாமல் ஓடுவதற்கென்றே செய்த டிஸ்க்கைத்தான் போட வேண்டும் என்பது மட்டும் தெளிவாகிவிட்டது. அலசி அலசி, முதல் கம்பெனியின் நாலு டிபி டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தேன். அளவான சைஸ், அளவான சூடு, அடக்கமான சத்தம். ஒரு மாப்பிள்ளையைக்கூட இவ்வளவு விசாரிக்கவில்லை என்று மனைவி சுலோசனா சொன்னாள். விசாரித்திருந்தால் சம்பந்தி இவராக இருந்திருக்க மாட்டார் என்று சொல்ல வாயெடுத்தேன், அவள் கையில் கரண்டி இருந்தது.

ஜூன் 23

சம்பந்தி வந்தார். கையில் ஒரு பை முருங்கைக்கீரை. வெறுங்கையோடு வருகிற வழக்கம் அவருக்கு இல்லை.

"டிஸ்க் விசயமா நானும் நாலு பேர்த்த விசாரிச்சனுங்க சம்பந்தி" என்றார். விசாரித்தவர்கள் யாரென்றால் மண்டிக்கு வரும் லாரிக்காரர், பக்கத்துக் கடை கம்ப்யூட்டர் பில் போடும் பெண், ஒரு வக்கீல். மூவரும் இரண்டாவது கம்பெனியைச் சொல்லியிருக்கிறார்கள்.

"நெம்பப் பெருசா ஒண்ணு பாத்து வெச்சிருக்கறனுங்க. பன்னெண்டு டிபி. உள்ள ஈலியம் வாயு அடைச்சு மூடிட்டாங்களாமா."

"பலூன்ல அடைக்கிறதுங்களா?"

"அதேதானுங்க."

நான் சிரிக்கவில்லை. சம்பந்தியாயிற்றே. சிறிய டிஸ்க் எவ்வளவோ அவ்வளவுதான் இரண்டிலும் பயன்படும், அவருடைய பன்னிரண்டில் எட்டு சும்மாதான் கிடக்கும் என்று பொறுமையாக விளக்கினேன்.

"கெடக்கட்டுங்க. ஆதிரைக்குத் தம்பி பொறந்தா எங்கீங்க கொண்டுபோயி வெக்கிறது?" என்றார்.

சுலோசனா உள்ளேயிருந்து ஓடி வந்து அவருக்கு இன்னொரு டம்ளர் காப்பி கொடுத்தாள். எனக்கு இல்லை.

ஜூன் 24

கீரை நன்றாக இருந்தது. எழுதிவைக்க வேண்டியதில்லை, எழுதிவிட்டேன்.

ஜூலை 2

இருவருமாக மேட்டூர் ரோட்டிலுள்ள கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கடைக்காரர் ரியாஸ் விவரமான ஆள். நான் ஒரே கம்பெனியில் இரண்டாக வாங்கினால்தான் ஒத்துப்போகும் என்று ஆரம்பித்தேன். அதாவது என்னுடைய கம்பெனியில்.

"ரெண்டும் ஒரே கம்பெனி வேண்டாங்க சார். அதுலயும் ஒரே லாட்டு வேண்டவே வேண்டாம்" என்றார் ரியாஸ். "ஒண்ணாப் பொறந்தது ஒண்ணாப் படுத்துக்கும். வேற வேற எடத்துல பொறந்ததா இருந்தாத்தான் ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு நிக்கும்."

"நாஞ் சொல்லலீங்களா?" என்றார் சம்பந்தி. அவர் சொல்லவே இல்லை. ஆனால் பிரச்சினை தீர்ந்துவிட்டது. எனக்கு என் கம்பெனி, அவருக்கு அவர் கம்பெனி, வாங்குவது பெட்டி வந்த பிறகு.

இருவரும் வென்றதாக நினைத்துக்கொண்டு வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தோம். உண்மையில் வென்றது யாரென்று எந்த டிஸ்க் முதலில் சாகிறது என்பதில் தெரிந்துவிடும். இதை நான் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. விஞ்ஞானம்.

ஜூலை 8

பெட்டி வந்துவிட்டது. எங்கள் வீட்டில் வைப்பது என்று முடிவு. எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. அவர் வீட்டிலும் இருக்கிறது, ஆனால் அதை மாட்டியவன் நானில்லை.

புதிய தகராறு. டிஸ்க்கை ஆடித் தள்ளுபடியில் வாங்கலாம் என்கிறேன் நான். ஆடி மாதத்தில் புதுசாக எதையும் ஆரம்பிக்கக் கூடாது என்கிறார் அவர். ஆடியில் வாங்கி வைத்து ஆவணியில் ஆரம்பிக்கலாம் என்றேன். "அதுவரைக்கும் அம்மிணி போன்ல எடமில்லாம ஆதிரைய போட்டோவே எடுக்காம இருக்குங்களே" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன்.

ஜூலை 14

நல்ல நாள், நல்ல நேரம் எல்லாம் பார்த்து இன்று டிஸ்க் மாட்டப்பட்டது.

நான் என் டிஸ்க்கை அது வந்த அட்டைப் பெட்டியோடு மேஜைமேல் வைத்திருந்தேன். சம்பந்தியும் அவர் மனைவி தெய்வானையம்மாவும் பத்து மணிக்கு வந்தார்கள். கையில் ஒரு பெரிய வெள்ளித் தட்டு. தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், மல்லிகைப் பூ, கொம்பு மஞ்சள், நடுவில் பன்னிரண்டு டிபி. சீர் கொண்டுவருகிற மாதிரி தெருவே பார்க்க நடந்தே வந்திருக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர், "என்னங்க விசேசம், வளைகாப்பா?" என்று கேட்டாராம்.

தெய்வானையம்மா தங்கள் டிஸ்க்குக்குச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார். "அண்ணா, உங்குளுதையும் குடுங்க, வெச்சு உட்டர்றேன்" என்றார்.

"வேண்டாமுங்க. இது எந்திரம். இதுக்கு வேண்டியது சுத்தமான காத்து, சீரான கரண்டு. அவ்வளவுதான்" என்றேன். கொஞ்சம் உரக்கவே சொன்னேன். சம்பந்தி தலையை ஆட்டினார், ஒத்துக்கொண்ட மாதிரியும் இல்லாத மாதிரியும்.

மாட்டுவதற்கு முன் எல்லோரும் கூடத்தில் பலகாரம் சாப்பிடப் போனார்கள். நான் மட்டும் டிஸ்க்கை ஒருமுறை சரிபார்க்க அறையில் இருந்தேன். பிறகு இரண்டையும் நானே மாட்டினேன். மாப்பிள்ளை டப்ளினிலிருந்து வழி சொன்னார். இரண்டு பச்சை விளக்கும் எரிந்தன. எங்கள் இருவர் போனிலும் பெட்டியின் நிலவரம் காட்டும் ஆப்பை ஏற்றச் சொல்லி, மாப்பிள்ளை பாஸ்வேர்டு கொடுத்தார். சம்பந்திக்கு வாட்ஸப்பைத் திறக்கவே ஆள் வேண்டும். பாவம், பேருக்கு வாங்கி வைத்துக்கொண்டார்.

ஜூலை 15

"விரல்ல என்னங்க மஞ்சளா?" என்று சுலோசனா கேட்டாள். மண்டிக்காரரோடு கைகுலுக்கினேன் என்றேன். பூஜையறைச் சந்தனக் கிண்ணம் டிஸ்க் மாட்டிய அறை அலமாரிக்கு எப்படி வந்தது என்றும் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்?

ஜூலை 22

தினமும் காலை டிபனுக்கு முன் அளவு எடுக்கிறேன். பழகிய கை. என் டிஸ்க்குக்கு நம்மவர் என்றும் மற்றதற்குச் சம்பந்தி வீட்டார் என்றும் வைத்துக்கொண்டிருக்கிறேன். இன்று நம்மவர் சூடு 39. சம்பந்தி வீட்டார் 44.

மேஜைமேல் டேபிள் ஃபேன் வைத்தேன். அது நம்மவர் பக்கம் திரும்பி நிற்கிறது. வைத்த வாக்கில் அப்படி அமைந்துவிட்டது.

ஜூலை 25

சம்பந்தி வந்தார், கொத்தவரங்காயோடு. "பொட்டி சௌக்கியங்களா?" என்று கேட்டு அறைக்குள் எட்டிப் பார்த்தார். போன பிறகு பார்த்தேன், ஃபேன் நடுவாகத் திரும்பியிருந்தது. மறுபடி திருத்தினேன்.

ஆகஸ்ட் 9

இன்று எல்லாப் படங்களும் ஏறி முடிந்தன. நித்திலா தன் போனில் அழித்துவிட்டாள். "அப்பா, இப்ப உங்க கையில" என்றாள்.

டிவியில் போட்டுப் பார்த்தோம். சம்பந்தி வீட்டாரும் வந்திருந்தார்கள், அதாவது மனிதர்கள். ஆதிரை முதன்முதலாகத் தவழ்ந்து நேராக ஒரு செருப்பிடம் போய் அதை வாயில் வைக்கிறாள். நித்திலா ஓடி வருகிறாள், படம் ஆடுகிறது, அதோடு முடிகிறது. பத்து நொடி இருக்காது. அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னோம். தெய்வானையம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அந்தக் குழந்தையை நான் இதுவரை கையில் தூக்கியதில்லை. இருவரில் யாருமே தூக்கியதில்லை. சம்பந்தி என் தோளில் கை வைத்தார், நான் எடுத்துவிடவில்லை.

செப்டம்பர் 3

காலையில் ஆப்பைத் திறந்தால் மஞ்சள் எச்சரிக்கை. ஒரு டிஸ்க்கில் சில இடங்கள் கெட்டுவிட்டனவாம். "ஆகா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். சம்பந்தி வீட்டாருக்கு எப்படிப் பக்குவமாகச் சொல்வது, என்ன முகபாவம் வைத்துக்கொள்வது என்றெல்லாம் யோசித்தபடி, எந்த டிஸ்க் என்று பார்க்கக் கீழே தள்ளினேன்.

ஆப்பில் ஏதோ கோளாறு.

செப்டம்பர் 4

ஆப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். அதே கோளாறு. நம்மவர்தான் என்கிறது.

செப்டம்பர் 9

உட்கார்ந்து படித்ததில் தெரிந்தது: எந்த டிஸ்க்கிலும் நாலைந்து இடம் கெடுவது சகஜம். மனிதனுக்குச் சொத்தைப் பல் வருவதில்லையா? நம்மவருக்குச் சொத்தைப் பல். அவ்வளவே. யாரிடமும் சொல்கிற அளவுக்கு ஒன்றுமில்லை.

செப்டம்பர் 12

சம்பந்தி வந்தார். வாழைப்பூ. "பொட்டி சௌக்கியங்களா?"

"ஜம்முனு இருக்குங்க."

"உங்க டிஸ்க்கு எப்புடிங்க?"

ஏன் குறிப்பாக என்னுடையதைக் கேட்டார் என்று தெரியவில்லை. "அதுக்கென்னங்க, சிங்கம்" என்றேன். அவர் வாழைப்பூவைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 20

இன்று அளவு எடுக்கவில்லை. வேலை இருந்தது.

செப்டம்பர் 21

இன்றும் வேலை.

செப்டம்பர் 27

சம்பந்தி இன்று வந்தது கீரையோடு இல்லை, ஒரு சின்ன வெளி டிஸ்க்கோடு. "ஊட்ல அவ பேத்தியப் பாக்கோணும்னு நச்சரிக்கறாளுங்க. எங்கூட்டு நெட்டு இழுத்து இழுத்து வருது. ஒரு காப்பி எடுத்துக்கறனுங்களே" என்றார். வயரைச் செருகி, ஆப்பைத் தட்டி, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். அதுவரை கூடத்தில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டார்.

என்மேல் நம்பிக்கை இல்லாததைத்தான் இது காட்டுகிறது. மனசு புண்பட்டது. கண்டித்திருப்பேன், ஆனால் பஜ்ஜி சாப்பிடும் மனிதரிடம் என்ன பேசுவது? வாட்ஸப் திறக்கத் தெரியாதவர் அதை எப்படிச் செய்தார் என்பதைப் பற்றி அப்போது நான் யோசிக்கவில்லை, இப்போது யோசிக்கிறேன்.

அக்டோபர் 12

மாலை நாலு மணிக்குச் சம்பந்தி கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அறைக்குள்ளிருந்து பீப், பீப், பீப் என்று சத்தம்.

"என்னங்க சத்தம்?"

"குக்கருங்க" என்றேன்.

"நான் இன்னும் அடுப்பே பத்த வெக்கலீங்களே" என்று சுலோசனா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். முப்பத்தைந்து வருஷ தாம்பத்தியத்தில் அவள் எனக்கு ஒருமுறையாவது ஒத்தாசையாகப் பேசியிருக்கலாம்.

"அப்பறம் எதுத்த ஊட்டுக் குக்கரா இருக்குமுங்க" என்றார் சம்பந்தி. காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, மண்டியில் ஆள் காத்திருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விட்டார். அவருக்கு அவசரமாகக் கிளம்பிப் பழக்கமே கிடையாது.

உள்ளே ஓடினேன். ஒரு விளக்கு சிவப்பு. நம்மவர் போய்விட்டார்.

அக்டோபர் 13

டிஸ்க்கைக் கழற்றி ஒரு துண்டில் சுற்றி ரியாஸ் கடைக்கு எடுத்துப் போனேன். மூன்று மாதம்கூட ஆகவில்லை, இதென்ன கம்பெனி, இதென்ன வியாபாரம் என்று வழியெல்லாம் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன்.

ரியாஸ் துண்டை விலக்கினார். டிஸ்க்கின் மேல் காய்ந்த சந்தனம், அதன் நடுவில் குங்குமம். என் முகத்தைப் பார்த்தார். ஒரு குச்சியால் மெதுவாகச் சுரண்டினார். அடியில் ஒரு சின்னத் துளை, பக்கத்தில் பொடி எழுத்தில், இந்தத் துளையை மூடக் கூடாது என்று இங்கிலீஷில்.

"இதுவழியாத்தாங்க சார் இது மூச்சு விடுது."

"அப்ப இன்னொண்ணு? அதுக்கும்தான் வெச்சாங்க."

"அது ஈலியம் அடைச்சது சார். வாயு வெளிய போயிடக் கூடாதுன்னு முழுசா மூடியிருப்பான். அதுக்குத் துளையே கெடையாது. எத்தனை பொட்டு வேணா வெக்கலாம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதனாலதான் போச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதுங்க. ஆனா இதப் பாத்தா கம்பெனிக்காரன் வாரண்டி தர மாட்டான்" என்றார்.

கண்ணாடி போடாமல் பார்த்தால், பொட்டு வைக்கவே வட்டமாக இடம் விட்டிருப்பது போலத்தான் தெரியும். யாருக்கும் அப்படித்தான் தெரியும். எதிர்த்தட்டுக்காரருக்கு மட்டும் சாமி துணை இருந்து, நம்முடையது அநாதையாக உள்ளே போகிறதே என்று யாருக்கும் ஒரு நொடி தோன்றத்தான் செய்யும்.

அக்டோபர் 14

பயமாக இருக்கிறது. ஆதிரையின் செருப்பு வீடியோ, முதல் பல், முதல் சளி, முதல் "தாத்தா", அது யாரைப் பார்த்துச் சொன்னது என்று இன்னும் முடிவாகவில்லை, எல்லாம் இப்போது அந்தப் பலூன் டிஸ்க் ஒன்றின்மேல் நிற்கின்றன. அதுவும் சாய்ந்தால் மகளிடம் என்ன சொல்வேன்? சம்பந்தி எடுத்துப்போன காப்பி முழுசாக இருக்கிறதா என்று அவரிடம் கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். புது டிஸ்க் வாங்கிப் போட்டுவிடலாம். ஆனால் சம்பந்தி கேட்டால்?

ஃபேனை எடுத்துச் சம்பந்தி வீட்டாரின் முகத்துக்கு நேராக வைத்தேன். அதன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். "ஆஸ்பத்திரியிலகூட எனக்கு இப்புடி உக்காந்ததில்லை" என்றாள் சுலோசனா.

அக்டோபர் 15

காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போனேன். நானாக அங்கே போவது பொங்கலுக்குப் பிறகு இதுதான் முதல்முறை. கையில் ஒன்றும் எடுத்துப்போகவில்லை என்று வாசலில்தான் உறைத்தது.

அவர் ஊஞ்சலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் போனை மடியில் கவிழ்த்தார். கொஞ்சம் தாமதமாகக் கவிழ்த்தார். நம் ஆப். அதில் ஒரு சிவப்பு, ஒரு பச்சை.

"எப்ப இருந்துங்க பாக்கறீங்க?" என்றேன்.

"மாட்டுன அன்னைல இருந்துங்க. தெனமும் காலைல, காப்பிக்கு முன்னாடி." சிரிக்கலாமா என்று பார்த்தார், நான் சிரிக்கவில்லை, நிறுத்திக்கொண்டார். "மொதல்ல உங்குளுது எப்ப சாயும்னு பாக்கறதுக்குத்தானுங்க. பொய் சொல்லுவானேன். ஆவணில மஞ்சளு வந்தப்ப சந்தோசமாக்கூட இருந்துச்சு. அப்பறம் பயமாயிருச்சு. நீங்களாச் சொல்லுவீங்கன்னு நானும் வந்து வந்து பாத்தனுங்க. கீரையெல்லாம் தீந்துபோச்சு."

"நீங்க கேட்டிருக்கலாமுல்லங்க?"

"பொண்ணக் குடுத்த ஊட்ல போயி, உங்க சாமான் சரியில்லைன்னு எப்புடிங்க சம்பந்தி சொல்றது?"

பிறகு அவர் எழுந்து போய் டிவிக்குக் கீழிருந்து அந்தச் சின்ன வெளி டிஸ்க்கை எடுத்து வந்து என் கையில் வைத்தார். "எல்லாம் இருக்குதுங்க. அன்னைக்கே எடுத்ததுதான். அதுக்கப்பறம் அம்மிணி ஏத்துனது மட்டும் கொஞ்சம் குறையும்."

பஜ்ஜி சாப்பிட்டது அதற்காகத்தான். என் மனசு புண்பட்டதும் அதற்காகத்தான். அந்த ஊஞ்சலில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். தெய்வானையம்மா இரண்டு பேருக்கும் காப்பி கொண்டுவந்தார். சந்தன விவகாரத்தை மட்டும் நான் சொல்லவில்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது.

அக்டோபர் 16

ரியாஸ் கடை. சம்பந்தியும் வந்தார். அவருடைய கம்பெனி டிஸ்க்கையே வாங்கிவிடுகிறேன் என்றேன்.

"அதெல்லாம் வேண்டாமுங்க. நீங்க உங்க கம்பெனியே வாங்குங்க" என்றார்.

"உங்குளுதுதாங்க நின்னு காட்டுது."

"ரெண்டும் ஒரே எடத்துல பொறந்ததா இருக்கக் கூடாதுன்னு இந்தத் தம்பி சொல்லலீங்களா? எங்கூட்டுதும் ஒருநாளைக்குச் சாயுமுல்லங்க. அன்னைக்கு உங்கூட்டுதுதான தாங்கோணும்?"

கடைவாசலில் நின்று அரைமணி நேரம் ஒருவர் கம்பெனியை ஒருவர் புகழ்ந்தோம். ரியாஸ் கல்லாவில் தலையைச் சாய்த்துக்கொண்டார். கடைசியில் நான்தான் தோற்றேன். என் கம்பெனி டிஸ்க்கையே வாங்கிக்கொண்டு வந்தேன். பொட்டு இல்லாமல் மாட்டினேன். ஒன்றிலிருந்து மற்றதற்கு எல்லாம் எழுதி முடிய நேரமாயிற்று. முடியும்வரை இருவரும் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

நவம்பர் 3

வந்துவிட்டார்கள்! ஆதிரை வாசலில் கழற்றியிருந்த என் செருப்பிடம் நேராகப் போனாள். நல்லவேளை, இப்போது வாயில் வைக்கவில்லை, காலில் போட்டுக்கொண்டாள். தூக்கினேன். கனமாக இருந்தாள். சம்பந்தி பக்கத்தில் நின்று கையை நீட்டியபடியே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு குடும்பமும் இங்கே. இலை எடுத்ததும் நித்திலா பெட்டியின் முன் போய் நின்றாள். "ஒரு டிஸ்க் புதுசா இருக்கே. யாரோடது போச்சு?"

நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் சம்பந்தி முந்திக்கொண்டார். "என்றதுதான் அம்மிணி. பலூன் டிஸ்க்கு. உங்கப்பாரு அப்பவே சொன்னாரு, நாந்தான் கேக்கலை."

ஜூன் மாதத்திலிருந்து நான் காத்திருந்த வார்த்தை அது. அதைக் கேட்டதும் பாயசம் இன்னொரு டம்ளர் குடிக்கலாம் போல இருந்திருக்க வேண்டும்.

மாப்பிள்ளை சிரித்தார். "லாரிக்காரரக் கேட்டு டிஸ்க் வாங்குனா அப்படித்தாம்ப்பா. அந்தக் கம்பெனியே குப்பை." சம்பந்தி தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமா சாமி, ஆமா" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. "மாப்பிள்ளை, அந்த டிஸ்க்கைப் பத்தி ஒரு வார்த்தை பேசாதீங்க" என்றேன். "உங்க பொண்ணோட ரெண்டு வருசத்தையும் ஒத்தையா நின்னு தாங்குனது அதுதான். செத்தது என்னோடது. துளைமேல சந்தனம் வெச்சு மூச்சடைச்சுக் கொன்னது நான்."

முதலில் பேசியது சுலோசனா. "வெரல் மஞ்சளா இருந்தப்பவே எனக்குத் தெரியும்."

தெய்வானையம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. "ஏனுங்கண்ணா, எங்கிட்டக் கேட்டிருந்தா நானே நல்ல எடமாப் பாத்து வெச்சிருப்பனே!"

நித்திலா சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆதிரை என் செருப்போடு நடந்து வந்து, அம்மா ஏன் அழுகிறாள் என்று கேட்டாள். சம்பந்தி என் பக்கம் சாய்ந்து, "சந்தனமுங்களா? எந்திரம்னு சொன்னீங்க?" என்று கேட்டார். அவருக்குக் கேட்கிற உரிமை இருக்கிறது, ஆனால் இந்த ஒரு கேள்வியை இன்னும் இருபது வருஷத்துக்குக் கேட்பார்.

நவம்பர் 4

காலையில் காப்பிக்கு முன் போன் அடித்தது. சம்பந்தி.

"உங்குளுது சூடு நாப்பத்தொண்ணுங்க. ஃபேனப் போடுங்க."

"உங்குளுது நாப்பத்துநாலுங்க" என்றேன்.

"அது அப்புடித்தானுங்க, ஒண்ணும் ஆவாது."

அவர் அப்படித்தான் சொல்வார். ஃபேனைப் போட்டேன். அவருடையதன் பக்கம் கொஞ்சம் திருப்பி வைத்தேன்.